புயலின் புகைபோக்கி

காலை ஏழு மணிக்கு ஹிராயாவின் அம்மா மூன்றாவது பெட்டியைப் பிரித்தார். முதல் இரண்டு பெட்டிகளும் 'கெட்டுப்போனவை' என்ற பட்டத்தோடு மேசையில் கிடந்தன.

ஹிராயாவுக்குப் பதினொரு வயது. அவளுடைய அம்மா எர்லிண்டாவுக்கு சான் லூகாஸ் கடற்கரை வானிலை நிலையத்தில் வேலை. பலூனில் ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டியைக் கட்டி வானத்துக்கு அனுப்புவார்கள். பெட்டி ஏற ஏற, எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் என்று வானொலி மூலம் சொல்லிக்கொண்டே போகும். பிறகு பலூன் வெடிக்கும், பெட்டி கடலில் விழும். சாதாரண நாளில் இரண்டு பலூன்கள். கடலில் புயல் இருந்தால் நான்கு.

அன்று கடலில் புயல் இருந்தது. பள்ளிக்கு விடுமுறை.

"இதுவும் அதே கதைதான் ரொமுலோ. அறையில இருபத்தாறு டிகிரி. திரை நாப்பத்து நாலுங்குது. அப்புறம் இருபத்தாறு. மறுபடியும் நாப்பத்து நாலு," என்றார் அம்மா.

ரொமுலோ பலூனுக்கு வாயு நிரப்புபவர். "பெட்டிக்குக் காய்ச்சலா இருக்கும்க்கா," என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. எட்டு மணிக்குப் பலூன் போயாக வேண்டும். உயரத்தில் காற்று எவ்வளவு வேகம் என்று தெரிந்தால்தான், புயல் பலமாகிறதா சோர்கிறதா என்று மணிலாவில் கணக்குப் போட முடியும். அவர்கள் சொன்னால்தான் கடலோரத் தெருக்காரர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். போன மாதம் இரண்டு முறை மூட்டை கட்டி, இரண்டு முறையும் புயல் வராமல் ஏமாந்தவர்கள் அவர்கள். இந்த முறை சும்மா கூப்பிட்டால் அசைய மாட்டார்கள்.

ஹிராயா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மூணு பெட்டியும் அதே நாப்பத்து நாலா சொல்லுது?"

"ஆமா."

"மூணும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்? நாப்பத்து நாலு சொல்றது வேற ஏதோ பெட்டிம்மா."

இந்த மாதம் வந்த பெட்டிகள் எல்லாமே ஒரே அலைவரிசையில் பேசுபவை; இரண்டு ஒன்றாகப் பேசினால் திரையில் மாறி மாறி வரும். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வேற பெட்டி ஏது பாப்பா?" என்றார் ரொமுலோ. "ராத்திரி விட்டதைக் காத்து தெற்கே தள்ளிட்டுப் போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

ஹிராயா இரவுக் கணக்கைப் புரட்டினாள். பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை பெட்டி தெற்கே போயிருந்தது. அதற்கு மேல் வடக்கே திரும்பியிருந்தது.

"அட!" என்றார் அம்மா. புயல் அடியில் காற்றை உள்ளே இழுக்கும், உச்சிக்குக் கொண்டுபோய் வெளியே துப்பும். கீழ்க்காற்று தள்ளிக்கொண்டு போன பெட்டியை மேல்காற்று ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டது.

"எங்க கிடக்குன்னு காட்டாதா?" என்று கேட்டார் ரொமுலோ.

"வானம் தெரிஞ்சாத்தான் அது இடத்தைக் காட்டும். இப்ப காட்டலையே," என்றார் அம்மா.

"அப்போ தகரக் கூரைக்குக் கீழ இருக்கு," என்றாள் ஹிராயா. "யாரோ எடுத்து உள்ள வச்சிருக்காங்க."

"நாப்பத்து நாலு டிகிரியில எவன் குடியிருப்பான்?"

ஹிராயா அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள். காலை ஏழு மணிக்கு அவ்வளவு சூடான இடம் ஊரில் ஒன்றுதான் உண்டு.

நெஸ்தோரின் ரொட்டிக் கடையில் கூட்டம் அலைமோதியது. புயல் என்றால் எல்லோரும் பன்னை இரண்டு மடங்கு வாங்குவார்கள். அடுப்புக்கு மேலே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒன்று தொங்கியது. அந்த ஊரில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும்; அப்போதே கட்டிய மூங்கில் நட்சத்திரம். அதன் நடுவில் வெள்ளைப் பெட்டி. கீழே மாவு மூட்டைமேல் நெஸ்தோரின் ஐந்து வயது மகள் டிங்டிங் காவல் இருந்தாள்.

"மாமா, அது எங்க நிலையத்துப் பெட்டி," என்றாள் ஹிராயா, மூச்சு வாங்க.

"வாசல்ல நனைஞ்சு கிடந்துச்சும்மா. அதான் காய வச்சேன். இப்ப அது டிங்டிங்கோட சொத்து. அவகிட்ட கேட்டுக்க."

"குடுக்க மாட்டேன். வானத்துல இருந்து எனக்குத்தான் வந்துச்சு," என்றாள் டிங்டிங்.

பிடுங்கினால் அழுகை நிச்சயம். மணி ஏழே முக்கால். ஹிராயா மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, பெட்டி உனக்குத்தான். அது வாயை மட்டும் மூடிட்டுப் போறேன். ஓயாம பேசிக்கிட்டே இருக்கு."

"என்ன பேசுது?"

"ரொம்பச் சுடுதுன்னு."

டிங்டிங் எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "அப்பா! அதுக்குச் சுடுதாம்!"

கூட்டமே சிரித்தது. நெஸ்தோர் ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பால் நட்சத்திரத்தை இறக்கினார். ஹிராயா பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு பெட்டியை டிங்டிங்கிடமே கொடுத்தாள். கடைத் தொலைபேசியில் அம்மா கத்தினார்: "இருபத்தாறு! நிலையா நிக்குது!"

"இவ்வளவும் எதுக்கு? புயல் கீழதானே அடிக்குது, மேல என்ன பார்க்கறீங்க?" என்று கேட்டார் நெஸ்தோர்.

"உங்க புகைபோக்கி நல்லா இழுத்தா அடுப்பு என்ன ஆகும் மாமா?"

"தீ கும்முனு பிடிக்கும்."

"புயலுக்கும் மேல புகைபோக்கி இருக்கு. அது எப்படி இழுக்குதுன்னு பார்க்கத்தான் பலூன்."

நெஸ்தோர் தன் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

எட்டு மணிக்குப் பலூன் போனது. ஒன்பதரைக்கு எண்கள் மணிலா போய்ச் சேர்ந்தன. புயலின் உச்சியில் காற்று, இரவு இருந்ததைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு, பலத்த புயல் என்று மூன்றாம் எண் எச்சரிக்கை வந்தது. கரையோரத் தெரு முழுவதும் கிளம்ப வேண்டும்.

"போன மாசமும் இதைத்தான் சொன்னாங்க," என்று தெரு முணுமுணுத்தது.

நெஸ்தோர் அடுப்பை அணைத்துக் கடையைப் பூட்டினார். "புகைபோக்கி நல்லா இழுக்குதாம்ப்பா. நான் முப்பது வருஷமா அடுப்புப் பார்க்கறவன். எனக்கு இது போதும்," என்று சொல்லிவிட்டு, மீதி பன்களையெல்லாம் வண்டியில் ஏற்றினார். பன் போன பக்கம் தெருவும் போனது.

அன்றிரவு புயல் கரையைக் கடந்தது. பள்ளிக்கூடத்து ஜன்னலில் டிங்டிங்கின் நட்சத்திரம் தொங்கியது. விடிந்ததும் ஆள் கணக்கு எடுத்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. அம்மா ஹிராயாவின் தலையைத் தடவிவிட்டு வேலைக்கு ஓடினார்.

ரொட்டிக் கடையில் அடுப்பும் புகைபோக்கியும் நின்றன. கூரையைக் காணோம்.

"அக்கா, பெட்டி மாதிரி கூரையும் திரும்பி வருமா?" என்று டிங்டிங் கேட்டாள்.

ஹிராயா யோசித்தாள். "அவ்வளவு உயரம் போயிருக்காது. மாமா, கூரை போனப்போ காத்து எந்தப் பக்கம் இருந்து அடிச்சுது?"

"வடக்குல இருந்துன்னு, மேட்டுல இருந்து பார்த்த பள்ளிக்கூடத்துக் காவல்காரர் சொன்னார்."

"அப்போ தெற்கே போய்த் தேடுங்க."

மத்தியானம் தெற்கு வயலிலிருந்து நெஸ்தோரும் ரொமுலோவும் கூரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன்மேல் ராணி மாதிரி டிங்டிங் உட்கார்ந்திருந்தாள்.