எங்க அணை

"தொடாத! அது எங்க அணை!"

பாறை மேல் நின்று கிளின்ட் கத்தினான். தங்கை ரொவீனா காதில் வாங்கவில்லை. முழங்கால் ஆழ ஓடையில் நின்றபடி, அடுத்த கல்லைப் பெயர்த்துக் கரையில் வீசினாள்.

கோடையானால் பிள்ளைகள் இந்த ஓடையின் குறுக்கே கல் அடுக்குவார்கள். தண்ணீர் தேங்கினால்தான் பாறையிலிருந்து குதிக்கலாம்.

"அண்ணா, கீழ வந்து பாரு."

கல்வரிசைக்குக் கீழே, விரல் நீளச் சால்மன் மீன் குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. வெயிலில், ஓடை போய்ச் சேரும் கிளாமத் ஆறு வெந்நீராகக் கிடந்தது. குளிர்ந்த ஓடைக்குள் தப்பி ஏற வந்தவை அவை. ஏற வழியில்லை. சில, வயிற்றைக் காட்டி மிதந்தன.

"மழை வந்தா கல்லு தானாப் போயிடும்" என்றான் கிளின்ட்.

"அதுக்குள்ள இதுங்க செத்துடும்."

"நாளைக்குக் குதிச்சிட்டு அப்புறமா எடுக்கலாமே?"

ரொவீனாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"மீன் ஏற வழியில்லன்னு, ஆத்துல பெரிய அணைய உடைக்கச் சொல்லி ஊரே திரண்டு போனப்ப, நீதானே முன்னாடி நின்னு கத்துன? அப்ப அந்த அணைக்காரங்களும் 'அப்புறம், அப்புறம்'னுதான் சொன்னாங்க. இப்ப நீயும் அணைக்காரன்!"

"அது கான்கிரீட்டு. இது வெறும் கல்லு!"

"மீனுக்கு ரெண்டும் சுவருதான்."

அவள் எடுத்த கற்களை அவன் திரும்ப வைத்தான். அவள் மறுபடி எடுத்தாள். விரல் சிராய்த்தது. நிறுத்தவில்லை. கடைசியில் நடுவே ஒரு வழி திறந்தது.

கிளின்ட் ஓடி வந்து அதில் தொப்பென்று உட்கார்ந்தான். "இப்ப என்ன பண்ணுவ? நானே அணை!"

"உக்காரு. பசிச்சா எந்திரிச்சுதானே ஆகணும். நான் ஓரத்துல எடுக்குறேன்."

அவனைச் சுற்றிக் கசிந்த குளிர்நீரைத் தேடிக் குஞ்சுகள் வந்தன. முதலில் உள்ளங்காலில் உரசின. பிறகு முழங்காலில்.

"ஏய், கூசுது! ரொவீனா! ஐயோ, டவுசருக்குள்ள பூந்துடுச்சு!"

அணை துள்ளி எழுந்தது.

ரொவீனா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கல்லைக் கால்மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். கிளின்ட் டவுசர் பையிலிருந்து ஒரு குஞ்சை மெல்ல வழித்து, மேற்பக்கத் தண்ணீரில் விட்டான். அது விர்ரென்று மறைந்தது. அந்தக் குறுகிய வழியில் பின்னால் வந்தவற்றைத் தண்ணீரின் வேகம் அடித்துத் தள்ளியது. அவை மறுபடி வந்தன. மறுபடி தள்ளியது.

கிளின்ட் குனிந்து அந்த வழியில் கையை விட்டுப் பார்த்தான்.

"இந்த வழி பத்தாது" என்றான் கடைசியில். "தண்ணி ரொம்ப இழுக்குது. அகலமாத் திறக்கணும். அந்தப் பெரிய கல்ல அந்தப் பக்கம் புடி."

இருவரும் தம் கட்டித் தள்ளினார்கள். கல் புரண்டது. ஓடை அகலமாகி, வேகம் தணிந்து ஆற்றை நோக்கி இறங்கியது. அதற்கு எதிராக, வாலை ஆட்டி ஆட்டி, குஞ்சுகள் ஏறிக்கொண்டே இருந்தன.