வெறுந்தொட்டில்

தென்காசிக்கு வந்ததிலிருந்து எதுவும் காயவில்லை. குற்றாலத்துச் சாரல் ஓட்டு விளிம்பில் சொட்டிக்கொண்டே இருந்தது. கொடியில் போட்ட வேட்டி, துண்டு, விரித்த பாய், தலையணை எல்லாவற்றிலும் ஈரவாடை. உத்தரத்துக் கொக்கியில் வள்ளித்தாய் கட்டியிருந்த சேலைத்தொட்டில் மட்டும் காய்ந்திருந்தது. சுடலைக்கண்ணு தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.

கீழே அடுப்படி இருக்கிறது, அந்தச் சூடாக இருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான்.

அவன் கோவில்பட்டி மில்லில் பிட்டர். அந்த ஐம்பத்தெட்டாம் வருஷச் சித்திரையில் கைப்பிள்ளை சந்தனமாரி காய்ச்சலில் போனாள். அன்றோடு அவன் மனைவி வள்ளித்தாய் பேச்சை விட்டுவிட்டாள். தலையில் அருவி விழுந்தால் புத்தி தெளியும் என்று ஊரே சொன்னது. குற்றாலத்தில் சீசன் கூட்டம், தலைசாய்க்க இடமில்லை. தென்காசியில் முப்பிடாதியம்மாள் தன் வீட்டு மச்சு அறைகளைச் சீசனுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். காலையில் பஸ் பிடித்து அருவிக்குப் போய்விட்டு இருட்டுமுன் அறைக்குத் திரும்புவார்கள். வந்ததும் வள்ளித்தாய் உட்கார்ந்து வெறுந்தொட்டிலை ஆட்டத் தொடங்கிவிடுவாள்.

ஆளில்லாத தொட்டிலை ஆட்டினால் ஆகாது என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் காதில் ஏறவில்லை. வீட்டுக்கார அம்மாளிடம் போய் முறையிட்டான்.

"அவ ஆட்டி ஆத்திக்கிடுதா, தம்பி. விடு," என்றாள் முப்பிடாதியம்மாள். "நீதான் இன்னும் அழல."

அது உண்மை. ஆம்பளை நீயே உடைந்தால் அவளை யார் பார்ப்பது என்றார்கள். அவனும் கல்லாகவே நின்றான். ஊர்க் கரிசலில் வெட்டிய குழியில் இறங்கிப் பிள்ளையைக் கிடத்தியதும் அவன்தான். சந்தனமாரி அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், உருவினால் முழித்துக்கொள்வாள். குழிக்குள் அந்த விரலை ஒருமுறை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிடிக்கவில்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் மழை வலுத்தது. ஓட்டில் அது விழும் சத்தமும், தெருவில் சலங்கை குலுங்கப் போன ஜட்கா வண்டியும், யார் வீட்டிலோ போட்ட சாம்பிராணி வாசமும், அதற்கும் அடியில் கைப்பிள்ளைக்கு வசம்பு கருக்கிய வாசமுமாக அறை நிறைந்திருந்தபோது, வள்ளித்தாய் ஆட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம். அவன் கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டான்.

தொட்டில் ஆடி அடங்கியது. கொக்கியின் கிறீச் நின்றது.

உள்ளே ஒரு சிணுங்கல்.

பூனை என்று நினைத்தான். பிறகு, பக்கத்து அறைப் பிள்ளை என்று நினைத்தான். பக்கத்து அறையைக் காலையிலேயே காலி செய்துவிட்டார்கள். மறுபடி சிணுங்கல். வள்ளித்தாயின் புருவம் நெளிந்தது. அவள் முழித்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் அவனுக்குக் கவலை. எழுந்து போய்த் தொட்டிலைப் பிடித்து ஆட்டினான்.

சிணுங்கல் நின்றது.

கனம். வெறும் சேலைக்கு ஏது இந்தக் கனம்? விளக்கைத் தூக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விரல் மட்டும் தானாகச் சேலை மடிப்புக்குள் போயிற்று.

பிடித்தது.

விடியும்போது வள்ளித்தாய் கண் திறந்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவள் கண் தெளிந்திருந்தது.

"ஊருக்குப் போவமாங்க?"

இந்தக் குரலுக்காகத்தான் அவன் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பதில் சொல்ல வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை.

அவள் பக்கத்தில் வந்து அவன் முகத்தைத் துடைத்தாள். "வெறுந்தொட்டில ஏன் ஆட்டுதிய? ஆகாதுல்லா. கைய எடுங்க."

அவளுக்காக, மெல்ல, மிக மெல்ல விரலை உருவினான். நகக்கண்ணில் ஈரக் கரிசல் மண். இந்தச் சீமையில் இல்லாத மண்.

தொட்டிலுக்குள் முழித்துக்கொண்டது. வீறிட்டது.

வள்ளித்தாய்க்குக் கேட்கவில்லை. போவோம் என்று அவன் தோளைப் பிடித்து இழுத்து அழுதாள். அவன் விரலை மறுபடி உள்ளே விட்டு ஆட்டிக்கொண்டிருந்தான்.