முப்பத்தோராவது கையெழுத்து

காலையில் எண்ணியபோது அந்த அட்டையில் முப்பது பேர் எழுதியிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் முப்பத்தொன்று.

கண்டுபிடித்தது உமேஹாரா. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே எதுவும் மாறிவிடாமல் குறிப்பெடுத்துக்கொள்வதுதான் அவள் வேலை. எந்த நடிகையின் சட்டைப் பொத்தான் திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்பதெல்லாம் சொந்தப் பிள்ளைகளின் பிறந்த நாளைவிட அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

"சென்செய், கொஞ்சம் இப்படி வாங்க. இது யாரு கைவரிசை? பாத்திரத்தோட பேர்கூடத் தெரியாத கழுதை எவனோ எழுதி வச்சிருக்கான்."

கதை எழுதியவள் என்பதால் படக்குழுவில் தோகிகோவை 'சென்செய்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனாள். சைத்தமா பக்கம் பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடம் அது. வெளியே ஆகஸ்ட் மாதத்து உச்சி வெயில். சிள்வண்டுகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. உள்ளே வகுப்பறை ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி ராத்திரியாக்கி வைத்திருந்தார்கள். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டதால், சூடேறிய விளக்குகளின் கருகல் வாடையும், தரை மெழுகும், கொசுவர்த்தியும், யாரோ மூடாமல் வைத்த கறிச்சோற்று டப்பாவும் ஒன்றாகச் சேர்ந்து மூச்சை அடைத்தன.

மூன்றாவது வரிசை மேசை மேல் குவளையில் வெள்ளைச் சாமந்தி. அதன் பக்கத்தில் சதுர அட்டை. நடுவில் 'நொசாக்கி மிச்சிரு' என்று பெரிதாக ஒரு பெயர். அதைச் சுற்றி ஆளுக்கொரு வரி. கீழ் மூலையில், ஈரம் காயாமல், அந்த முப்பத்தோராவது வரி.

*சுமியே, நீ போனதிலிருந்து வகுப்பில் காற்று சுத்தமாக இருக்கிறது. முரோய் தோகிகோ.*

தோகிகோவின் காது மடல் சுட்டது. அது அவள் கையெழுத்து. இப்போதைய கையெழுத்து அல்ல, பதினாலு வயதுக் கையெழுத்து.

"முரோய் தோகிகோவா? யாரு அது?" என்றாள் உமேஹாரா.

"தெரியலையே," என்றாள் தோகிகோ. "பின்னாடி உக்கார வந்த பிள்ளைங்க யாராவது விளையாடியிருக்கும்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! வாய் கூசவில்லை. உடம்புதான் கூசியது.

படப்பிடிப்பில் அவளை எல்லோருக்கும் நிஷினா ரேய் என்றுதான் தெரியும். எழுதுவதற்காக வைத்துக்கொண்ட பெயர். ஊர் ஊராகப் பள்ளி மாறி வரும் ஷிஹோ என்ற பதினாறு வயதுச் சூனியக்காரியைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர். வாரம் ஒரு பள்ளி, வாரம் ஒரு சாபம். ஒன்பதாவது வாரத்தை எழுதும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்தது. இரண்டே நாளில் எழுதிக் கொடுத்தாள். உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு வகுப்பே சேர்ந்து சாவு விளையாட்டு நடத்துகிறது. மேசையில் பூ வைக்கிறார்கள், வழியனுப்பு அட்டையில் எல்லோரும் எழுதுகிறார்கள். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரையும் ஷிஹோ தேடி வருகிறாள். படித்துவிட்டுத் தயாரிப்பாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இவ்ளோ குரூரத்தை எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். அவள் குனிந்து வணங்கி, எல்லாம் கற்பனைதான் என்றாள். அடுத்த தொடருக்கும் அவளே எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கற்பனையாம். பதினாலு வயதில் அவள் வகுப்பில் ஒகினோ சுமியே என்று ஒருத்தி இருந்தாள். அட்டையை வாங்கி வந்தது தோகிகோ. எழுத்து அழகாக இருக்கும் என்று நடுவில் பெயரை எழுதியதும் தோகிகோ. முதல் வரியை எழுதி மற்றவர்களுக்கு வழிகாட்டியதும் அவள்தான். சுமியே காலையில் வந்தாள், பார்த்தாள். அழவில்லை. குவளையை எடுத்துப் போய்த் தண்ணீர் மாற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பூ வாடும்வரை தினமும் மாற்றினாள். அந்தப் பருவம் முடிந்ததும் குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டது. இருக்கிறாளா, இல்லையா? இந்தப் பதினேழு வருஷத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

அட்டையில் எழுத்துகள் வேறு வேறாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படக்குழுவில் இருப்பவர்களே ஆளுக்கொரு வரி எழுதுவது இவர்களுடைய வழக்கம். விளக்குக்காரர், வேன் ஓட்டுபவர், ஒப்பனைக்காரி, எல்லோரும் இன்று காலை சிரித்துக்கொண்டே எழுதினார்கள். பேனாவை நீட்டியபோது தோகிகோ மட்டும் மணிக்கட்டு சுளுக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். அதனால்தான் முப்பது.

உமேஹாரா அந்த வரியின் மேல் வெள்ளைப் பூச்சு பூசி, ஊதிக் காயவைத்து, படம் எடுத்துக்கொண்டாள்.

மிச்சிருவாக நடித்துப் பூவுக்கு முன்னால் உட்கார வேண்டிய பெண், கசாமா மாயு, பதினைந்து வயது. அடுத்த காட்சிக்கு விளக்கு மாற்றும்போது தோகிகோவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சென்செய், ஒண்ணு கேக்கவா? மிச்சிரு அழவே மாட்டேங்கறா. தண்ணி மாத்தறா. நானா இருந்தா ஓன்னு அழுதிருப்பேன். இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"சும்மா... தோணுச்சு."

"பொய்தானே?" மாயு சிரித்தாள். "நெஜமா ஒருத்தி இருந்திருப்பா. இருந்தா சொல்லுங்க, நான் போய்ப் பாத்துட்டு வரேன். உங்க கதையில நடிக்கிறேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டு வரணும்."

சொல்லிவிடலாம். இந்தச் சின்னப் பெண்ணிடம்கூடச் சொல்லலாம். "அப்படி யாரும் இல்லம்மா," என்றாள். மாயு தலையாட்டிவிட்டுப் போய் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சே, என்ன பிறவி நான் என்று தோகிகோவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

காட்சி எடுத்தார்கள். 'போதும்' என்ற குரல் வந்ததும் உமேஹாரா அட்டையைப் பார்க்கப் போனாள். போனவள் அங்கேயே நின்றாள்.

வெள்ளைப் பூச்சு அப்படியே இருந்தது. அதன் மேல் அதே வரி. ஈரமாக.

"யாரும் கிட்ட வரலை," என்றாள். அவள் குரலில் வழக்கமான நையாண்டி இல்லை. "நான் கண்ணை எடுக்கலை. மாயு கையும் மடியிலதான் இருந்துச்சு."

வெளியே சிள்வண்டுச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

உதவி இயக்குநர் கதகிரி எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். நாற்பது வயது மனிதர். தொடர் ஆரம்பிக்கும் முன் பூசாரியை அழைத்து வந்து தீட்டுக் கழித்ததே அவர்தான்.

"இங்க பாருங்க. நான் கோவிக்க மாட்டேன். முரோய் தோகிகோன்னு ஒரு ஆளையோ, சுமியேன்னு ஒரு ஆளையோ யாருக்காவது தெரிஞ்சா இப்பச் சொல்லிருங்க. நெஜ மனுஷங்க பேர்னா, அவங்க வீட்டுக்குப் போய்த் தலை குனிஞ்சுட்டு வருவோம். அப்பறம்தான் மத்த வேலை. சொல்லுங்க."

முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோகிகோ தன் காலில் இருந்த செருப்பைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து விருந்தாளிச் செருப்பு, பச்சை நிறம், நுனியில் பிய்ந்திருந்தது. சொன்னால் என்ன ஆகும்? அடுத்த தொடர் போகும். மாயு இனி அவளை எப்படிப் பார்ப்பாள்? அதுதான் தாங்காது. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. யாரோ இருமினார்கள்.

"யாருமில்லையா?" என்றார் கதகிரி. அவர் கண்கள் வரிசையில் ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்து, தோகிகோவின் மேல் ஒரு நொடி நின்று, கடந்து போயின. "சரி. கடைசிக் காட்சியை எடுத்துட்டுக் கிளம்புவோம்."

எடுத்தார்கள். மிச்சிரு தன் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பைவிட்டு வெளியேறுகிறாள். ஒரே முறையில் சரியாக வந்தது. அதோடு மாயுவின் வேலை முடிந்தது. ஒரு நடிகையின் கடைசிக் காட்சி முடிந்தால் பூங்கொத்து கொடுத்துக் கைதட்டி அனுப்புவார்கள். கதகிரி தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார்:

"நொசாக்கி மிச்சிருவா நடிச்ச கசாமா மாயு-சான், இதோட எல்லாம் முடிஞ்சுது! ரொம்ப நன்றி!"

கைதட்டல். மாயு பூவை வாங்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. தோகிகோவும் தட்டினாள்.

கதகிரியின் கையில் இன்னொரு பூங்கொத்து இருந்தது.

"அடுத்து," என்றார், அதே உற்சாகக் குரலில். "முரோய் தோகிகோ-சான். இதோட எல்லாம் முடிஞ்சுது! ரொம்ப நன்றி!"

கைதட்டல். அதே அளவு. அதே வேகம். யாரும் திடுக்கிடவில்லை. எல்லோரும் மூன்றாவது வரிசை மேசையைப் பார்த்துத் தட்டினார்கள்.

அங்கே யாரும் இல்லை.

"நான்தான்," என்றாள் தோகிகோ. சொல்லிவிட்டாள். "நான்தான் அது. முரோய் தோகிகோ நான்தான். நான் எழுதினது. சுமியேன்னு ஒருத்தி இருந்தா. நான்தான் செஞ்சேன்!"

கதகிரி அவளைத் தாண்டிப் போய்ப் பூங்கொத்தை மேசையில் வைத்தார். கைகூப்பினார்.

"கதகிரி-சான்! கேக்குதா?"

கேட்கவில்லை. உமேஹாராவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உமேஹாரா குலுங்கினாள், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பக்கத்தில் நின்ற மாயுவிடம் மெல்லச் சொன்னாள்:

"நல்ல எழுத்து அவளுக்கு. பாவம்."

மேசையில் ஒரு புது அட்டை. நடுவில் அவள் பெயர். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். விளக்குக்காரர் எழுதினார். வேன் ஓட்டுபவர் எழுதினார். ஒப்பனைக்காரி எழுதினாள். ஒவ்வொருவரும் எழுதி முடித்துக் கைகூப்பிவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனார்கள். மாயுவும் எழுதினாள். ஓடிப் போய்க் கறுப்புத் துணியை இழுத்தாள் தோகிகோ. துணிக்குப் பின்னால் துணி. அதற்குப் பின்னாலும் துணி. உட்கார மூன்றாவது வரிசை மேசையின் அந்த ஒரு நாற்காலிதான் மிச்சம் இருந்தது. உட்கார்ந்தாள்.

வரிசையில் கடைசியாக ஒருத்தி நின்றாள். பழைய மாதிரிக் கோடைச் சீருடை. பதினாலு வயது. மேலுதட்டில் வியர்வை.

தன் முறை வந்ததும் ஒழுங்காகக் குனிந்து வணங்கினாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"சுமியே," என்றாள் தோகிகோ. "சுமியே, மன்னிச்சிரு. என்னைப் பாரு. ஒரே ஒரு தடவை பாரு."

அவள் பார்க்கவில்லை. அட்டையில் எழுத இடம் தேடினாள். இடம் இல்லை, எல்லா மூலையும் நிறைந்திருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தின் மேல் ஓரத்திலிருந்து, சின்னச் சின்ன எழுத்தில், அவசரமே இல்லாமல் எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகும், பேனா அட்டையில் உரசும் சத்தம் தோகிகோவின் முகத்துக்கு நேரே நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.