யெஸ் அடி, கதவு திறக்கும்!

"வீல்!"

செல்போனுக்குள் கேட்ட அலறல் அக்காவுடையது.

பூட்டு டெக்னீஷியனின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் நழுவியது.

காலை பதினொரு மணி. ஒரு தங்க வியாபாரியின் பெட்டக அறை. இரும்புக் கதவின் பக்கத்தில் அவள் கம்பெனி மாட்டிய பூட்டு. அதற்குள் பூட்டை இயக்கும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், ஒரு லினக்ஸ் போர்டு. அதைச் சரிபார்க்கத்தான் வந்திருந்தாள். தனியாக.

"யா... யாரு பேசறது?"

"கத்தி பேசுது. உன் அக்கா கழுத்துலேர்ந்து!" மெஷின் வைத்து மாற்றிய கரகர குரல்.

"அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க! என்ன வேணும்?"

"அந்தப் பூட்டுல ரிமோட் லாகின் போட்டுக் குடு. இங்கேர்ந்தே நான் உள்ளே நுழையணும். உங்க கம்பெனிப் பூட்டு எதையும் திறக்கற மாஸ்டர் நம்பர் என்கிட்ட இருக்கு. செக்யூரிட்டியைக் கூப்பிட்டே... அக்காவை மறந்துடு!"

அவனிடம் நம்பர் இருந்தது, வழி இல்லை. அவளிடம் வழி இருந்தது, நம்பர் இல்லை.

அப்போது போனுக்குள்... பீப். பீப். பீப்!

ஒரு கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம். அவள் கம்பெனிப் பூட்டேதான்!

லேப்டாப்பில் கம்பெனிப் பூட்டுகளின் பட்டியலைத் திறந்தாள். இந்த நிமிடம் பூட்டிய கதவு ஒன்றே ஒன்று. கம்பெனியின் பழைய குடோன்! போலீஸுக்கு மெசேஜ் தட்டினாள்.

'பத்து நிமிடத்தில் வருகிறோம். ஆனால் கதவை உடைத்தால் குத்திவிடுவான்' என்று பதில் வந்தது.

அவள் லேப்டாப்பில் வேகமாகத் தட்ட ஆரம்பித்தாள்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"சர்வீஸ் ஸ்டார்ட் ஆகுதுங்க... குட்டி போர்டு, நேரமாகும்."

"கதை விடாதே!"

"பாஸ்வேர்டு வெக்க வேணாமா? வெக்காட்டி உள்ளே விடாதுங்க!"

'வாசலில் நிற்கிறோம்' என்று அடுத்த மெசேஜ்.

லாகின் முகவரியையும் பாஸ்வேர்டையும் சொன்னாள். குரல் நடுங்கியது. நடிக்கத் தேவையே இருக்கவில்லை.

கீபோர்டு தட்டும் சத்தம்.

"இரு! புது மெஷின், நம்பலாமான்னு கேக்குது. ஏதோ அடையாள எண் காட்டுது."

"எல்லாரும் யெஸ் அடிச்சிட்டுப் போயிடுவாங்க..."

"நான் கேனையன் இல்லை. பெட்டக அறைப் பூட்டோட எண்ணைப் போன வாரமே எழுதி வெச்சிருக்கேன்."

ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டான்.

"அதே எண்தான். யெஸ்!"

மாஸ்டர் நம்பரையும் தட்டினான்.

அவள் எதிரே இருந்த இரும்புக் கதவு... அசையவில்லை!

போனுக்குள் ஒரு கதவு திறந்தது. தடதடவென்று பூட்ஸ் சத்தம். "கையைத் தூக்குடா!"

"அடியே... நான் நல்லாருக்கேண்டி!" அக்கா கதறினாள்.

டெக்னீஷியன் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"எப்படி? எண் சரியாத்தானே இருந்துச்சு?" அவன் குரலில் இப்போது கரகரப்பு இல்லை. மெஷின் எங்கோ விழுந்திருந்தது. அவளுக்குப் பழகிய குரல்!

"நான் லாகின் போட்டது இந்தப் பூட்டுல இல்லை. ஆபீஸ் சர்வர் வழியா குடோன் பூட்டுல! உங்க கதவை நீங்களே திறந்துட்டீங்க!"

"அப்ப அந்த எண்?"

"பூட்டுக்குப் பூட்டு தனி எண் போடணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நேரமாகும், ஒண்ணையே எல்லாத்துலயும் காப்பி பண்ணுன்னு சொன்னது யாரு? நீங்கதானே... மானேஜர் சார்!"

மறுமுனையில் விலங்கு பூட்டும் சத்தம்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்புறம் சார்... நாளைக்கு எனக்கு லீவு வேணும். உங்க லீவு எத்தனை வருஷம்னு ஜட்ஜ் சொல்லுவாரு!"