சும்மா கெட

பாளையங்கோட்டையின் அந்தப் பதினான்கு மாடிக் குடியிருப்பில் இருபத்தாறு நாய்கள் இருந்தன. இருபத்தைந்தின் சத்தம் யாருக்கும் கேட்காது. வாய் திறக்கும், மூடும், கழுத்து நரம்பு புடைக்கும், அவ்வளவுதான். சுவர்களில் பட்டாணி அளவில் பதித்திருந்த மௌனமொட்டுகள், குரைப்பு எழும்பிய கணமே அதற்கு நேரெதிரான அலையை அனுப்பிக் காற்றிலேயே கரைத்துவிடும்.

பாக்கி இருந்தது ஏழாம் மாடி சங்கரியின் நாட்டுநாய் மட்டும். பெயர் மிக்சர். லிஃப்ட் திறந்தால் குரைக்கும், குக்கர் விசிலடித்தால் குரைக்கும், புறா வந்தால் கேட்கவே வேண்டாம். "பத்து நாளைக்குள்ள அடக்குங்க, இல்லன்னா நாயை எங்கயாவது கொண்டு விட்ருங்க" என்று சங்கச் செயலாளர் கறாராகச் சொன்னதும் அவளும் வீடெங்கும் மொட்டுகளைப் பதித்தாள்.

முதல் வாரம் மொட்டுகள் பாடம் படிக்கும். எந்தச் சத்தம் வேண்டும், எது வேண்டாம் என்பதை வீட்டுக்காரர் பேச்சிலிருந்தே தெரிந்துகொள்ளும். நாய் குரைத்ததும் "யாரு வந்திருக்கா?" என்று கேட்டால் அந்தக் குரைப்புக்கு அர்த்தம் உண்டு. "சும்மா குரைக்கு" என்றால் அர்த்தமில்லை. சங்கரியின் வாயில் வந்ததோ ஒரே வசவு: "சும்மா கெட!" வீட்டிலிருந்தே கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு எடுப்பவள், பொறுமைக்கு எங்கே போவாள்? மொட்டுகள் 'சும்மா'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. நம் வீடுகளில் அந்த ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கும் என்று அவற்றைச் செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

எட்டாம் நாள் வீடு அமைதியானது. அவளோடு வசிக்கும் அப்பா நயினார்கூட இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை என்று சங்கரி நிம்மதிப்பட்டாள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், பேச ஆளில்லாதவர். முன்பெல்லாம் மணிக்கு நாலு தடவை "ஏட்டி சங்கரி" என்பார். வகுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய் "எதுக்குப்பா கூப்ட்டீங்க?" என்றால், "சும்மாதாம்ட்டி" என்று சிரிப்பார்.

அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மிக்சர் அவள் அறைக்குள் பாய்ந்து வந்தது. சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. சுடிதார் நுனியைக் கவ்வி வாசல் பக்கம் இழுத்தது. திரையில் நாற்பது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சும்மா கெட!" என்று அதைக் காலால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

ஐம்பது நிமிடம் கழித்துக் காபி போட வந்தபோது, துணி காயப்போடப் போன அப்பா பால்கனியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோன பிறகுதான் தன் பெயர் கேட்டது.

மறுநாள் பழுது பார்க்க வந்த பெண் மொட்டுகளின் பதிவைப் படித்துக் காட்டினாள். "அந்த ஐம்பது நிமிஷத்துல குரைப்பு முந்நூத்திப் பன்னெண்டு. எல்லாம் சும்மா. மனுசக் குரல் பத்தொம்பது. அதுவும் சும்மா."

"மனுசக் குரலையும் அடக்குமா?"

"நீங்க எதுக்குன்னு கேக்கும்போதெல்லாம் ஐயாவே சும்மான்னுதான மேடம் சொல்லியிருக்காரு? அது தப்பா ஒண்ணும் படிக்கல."

மெஷின் ஏமாற்றிவிட்டது என்றுதான் சங்கரி டாக்டரிடம் சொன்னாள். ஹைதராபாத்திலிருந்து பதறிக்கொண்டு வந்த அண்ணனிடமும் அதையே சொன்னாள். "காதுல விழலன்னா நீ என்ன செய்வ?" என்று அவன் தேற்றினான். மிக்சர் வந்ததை அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்தியதையும் சொல்லவில்லை. காதில் விழாதது நிஜம். கண்ணை எந்த மொட்டும் மறைக்கவில்லையே!

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அண்ணன் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பத்தொம்பது தடவ கூப்ட்ருக்கீங்க. ரொம்ப வலிச்சுதாப்பா?"

"எல்லாம் வலிக்கில்லட்டி. மொதல்ல நாலஞ்சு தடவ வலியில கத்துனேன். பொறவு நீ வருவேன்னு கூப்ட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நடுவுல ஒண்ணு, மிக்சர மிதிக்காதன்னு சொல்லதுக்கு."

சங்கரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கெடந்த எடத்துலருந்து ஒன் ரூம் வாசல் நேராத் தெரிஞ்சுது. கிளாஸ் நடந்துட்டு இருந்துச்சு, நீ என்ன செய்வ, பாவம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்கண்ணன் தோண்டித் தோண்டிக் கேட்டான். நான் மயங்கிட்டேன், ஒண்ணும் ஞாபகமில்லன்னுட்டேன். நீயும் அப்படியே சொல்லிரு, என்ன?"

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.