தூசி படியாத சுவர்

கிளமெண்டி வீட்டில் அந்த ஒரு இடத்தில் மட்டும் தூசி படியவில்லை.

வெளியே எம்.ஆர்.டி. ரயில் பாதைக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை டொம் டொம் என்று கட்டடமே அதிரும். சன்னலை அடைத்தாலும் சிமெண்டுத் தூசி இடுக்கு வழியாக நுழைந்து, மாதா சுரூபம், சோற்றுப் பானை மூடி, சுவர்கள் என்று எதையும் விடாமல் சாம்பல் பூசிவிடும். ஆனால் மகள் செசிலியின் அறைச் சுவரில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு, நேற்றுத்தான் வெள்ளையடித்ததுபோல் ஒரு பட்டை பளிச்சென்று இருந்தது. பிரிஜட் அந்த இடத்தைத் துடைத்ததே இல்லை.

"பரவாயில்ல லா, ஒரு இடமாச்சும் துடைச்சு வச்சிருக்க," என்றான் அவள் கணவன் சூசைநாதன். அவனுக்கு சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை.

செசிலிக்கு மூச்சிளைப்பு. வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை வைத்தே அவன் மனைவியைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தான். ஊரையே தோண்டிப் போடுகிறவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. துடைப்பம் பிடித்தவள்தான் குற்றவாளி. பிரிஜட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்திலேயே பிள்ளையின் கட்டிலை இழுத்து, சுத்தமாக இருந்த அந்தச் சுவரை ஒட்டிப் போட்டாள்.

பல்கலைக்கழகத்திலும் அவள் நிலைமை அதுதான். தூசி மூடிய தொலைதூர விண்மீன் திரள்கள் அவளுடைய ஆராய்ச்சி. பார்த்தால் வெறும் இருட்டு. உள்ளேயோ புது விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறந்து எரிகின்றன. அந்த ஒளியைத் தூசி விழுங்கிவிட்டு வெப்பமாகத் திருப்பித் தருகிறது. அந்த வெப்பத்தை வைத்துத்தான், உள்ளே வாயு எவ்வளவு நெருங்கிக் கிடக்கிறது, கதிர்வீச்சு அதை எவ்வளவு உக்கிரமாகத் தாக்குகிறது என்று கணக்கிட வேண்டும். கணக்கு முழுவதும் பிரிஜட் போட்டது. பொதுச் சொற்பொழிவு அறிவிப்பிலோ பேராசிரியரின் பெயர் மட்டும் இருந்தது.

"யூ ஜஸ்ட் பிரிங் த பாக்ஸ், பிரிஜட்," என்றார் அவர்.

சொற்பொழிவில் வெப்பத்தை அளந்து காட்டும் அந்தப் பெட்டியும் அவள் செய்ததுதான். முன்பக்கம் ஒரு குழாய், பின்பக்கம் ஒரு முள். கறுப்புத் துணியால் மூடிய பல்பை நோக்கித் திருப்பினால் முள் ஏறும். கண்ணுக்குத் தெரியாததைப் பெட்டி காட்டிக்கொடுக்கும். அதற்கு முன் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். வானத்தை அளக்கும்போதும் அப்படித்தான். வீட்டில் ஒன்றுமில்லாத இடம் என்று அவள் தேர்ந்தெடுத்தது அந்த வெள்ளைப் பட்டையை. மற்ற சுவர்களைப் பார்த்தால் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. அவை வெளிக்காற்றுப் படும் சுவர்கள், குளிர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சொற்பொழிவுக்கு முந்தின நாள் அவள் வீடு திரும்பியபோது சூசைநாதன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"பாப்பா தூங்குறா. மருந்து குடுத்துட்டேன்," என்றான்.

அவன் போன பிறகுதான் தெரிந்தது, அறைச் சன்னலை விரியத் திறந்து வைத்திருக்கிறான். கட்டில், போர்வை, அலமாரி எங்கும் சாம்பல். பல்லைக் கடித்துக்கொண்டு சன்னலைச் சாத்தினாள். தூண் இறக்கும் சத்தம் அப்போதுதான் ஓய்ந்தது. மங்கிய வெளிச்சத்தில், ஈரச் சிமெண்டு வாடைக்கு நடுவே, பிள்ளையின் நெஞ்சு கீச்கீச்சென்று இழுப்பது மட்டும் கேட்டது. நாளைக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று பெட்டியை நாற்காலியில் வைத்து, வழக்கம்போல் வெள்ளைப் பட்டையை நோக்கித் திருப்பினாள்.

முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கியது. மற்ற சுவர்களுக்கு இறங்கிய அதே அளவு.

பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். தன் உள்ளங்கையைக் காட்டினாள், சரியாக ஏறியது. சுவரை உற்றுப் பார்த்தாள். வெள்ளைப் பட்டையின் மேல் முதல்முறையாக மெல்லிய சாம்பல் படிந்திருந்தது.

சூடான பரப்பில் தூசி எளிதில் படியாது. அவளுக்குத் தெரிந்த பாடம்தான். மற்ற சுவர்கள் குளிர்ந்திருக்கவில்லை. இந்த இடம்தான் இத்தனை நாள் சூடாக இருந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று அவள் கழித்துவிட்ட இடத்தில், சுவருக்குள், ஏதோ நின்றிருக்கிறது. இப்போது அங்கே இல்லை.

குழாயைத் திருப்பினாள். அலமாரி. இறங்கியது. கதவு. இறங்கியது. கட்டில், பிள்ளை படுத்திருந்த பக்கம். ஏறியது. சரி.

கட்டிலின் காலிப் பக்கம்.

ஏறியது. பிள்ளைக்கு ஏறியதைவிட அதிகமாக.

விளக்கைப் போட்டாள். சாம்பல் படிந்த விரிப்பில், செசிலிக்குப் பக்கத்தில், நீளமாக ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அங்கிருந்து ஒரு கையின் தடிமனில் சுத்தமான பட்டை கிளம்பி, போர்வைமேல் ஏறி, பிள்ளையின் நெஞ்சுக்குக் குறுக்கே போயிருந்தது.

பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் விழுங்கிய ஆத்திரம் மொத்தமும்.

"விடு. என் பிள்ளைய விடு."

இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினாள். செசிலி வரவில்லை. இழுத்தாள். அசையவில்லை. போர்வையில், பட்டை முடிந்த இடத்தில், தூசி விலகியது. ஒரு விரல். இன்னொரு விரல். ஐந்தும்.

பிள்ளையின் நெஞ்சில் கீச்சுச் சத்தம் நின்றது.