வாசலுக்கு இடது பக்கம்

மூன்று நாள் சுராபயா நகரத்து வெயிலிலும் அந்தத் துணி யானை காயவில்லை. கொடியில் தொங்கியதை வெனிங் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் தும்பிக்கை சொட்டிக்கொண்டிருந்தது. சோப்பு மணத்துக்கு அடியில் ஒரு வாடை, பிரசவ அறையில் மட்டுமே அவள் முகர்ந்த வாடை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா பாத்திக் துணியில் தைத்த யானை; இப்போது மகள் கினாசியுடையது. யானையைத் துவைத்த அன்றே கினாசிக்குக் காய்ச்சல் கண்டது. எந்த மருந்துக்கும் இறங்கவில்லை. நாலு வயதுப் பிள்ளை கண் திறந்து ஒரு நாள் ஆகிவிட்டது.

வேறு வழி தெரியாமல் கெதிரியில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, அந்த யானைக்குள்ள என்ன வச்சுத் தைச்சீங்க?"



"தண்ணில போட்டியா?"

"துவைச்சேன்."

"உன் தங்கச்சிடி அது. நீ பொறந்தப்ப கூட வந்த நஞ்சுக்கொடி. முறைப்படி வாசல்ல பொதைச்சு விளக்கு வச்சிருக்கணும். நாம இருந்தது நாலாவது மாடி, மண்ணுக்கு நான் எங்க போவேன்? உப்புல காயவச்சு இலவம்பஞ்சோட சேர்த்துத் தைச்சுட்டேன். உன் பக்கத்துலயே கெடக்கட்டும்னு."

"என் புள்ள சாகக் கெடக்குப்பா."

"இப்பவே பொதைச்சிரு. பொம்பளப் புள்ளைக்கு வாசலுக்கு இடது பக்கம்."

மழை பிடித்துக்கொண்டது. அவள் சமையல் கரண்டியால் தோண்டினாள், நகம் பிய்ந்தது, தோண்டினாள். யானை ஒரு பிள்ளையின் கனம் கனத்தது. சூடாக இருந்தது. மண் விழ விழ அது திமிறியது. அவள் நிறுத்தவில்லை. மிதித்து இறுக்கினாள். விளக்கேற்றிக் கூடையால் மூடினாள்.

உள்ளே ஓடினாள்.

கினாசி எழுந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை. வெனிங் அவளை அள்ளி மடியில் போட்டு வாய்விட்டு அழுதாள். இதைவிடப் பெரிய சந்தோஷம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. பிள்ளை இரண்டு கைகளாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அக்கா," என்றது. "பசிக்குது."



வெளியே, வாசலுக்கு இடது பக்கம், மண்ணுக்கு அடியிலிருந்து கினாசியின் குரல் வந்தது.

"அம்மா, இருட்டா இருக்கு."

வெனிங் எழப் பார்த்தாள். கழுத்தில் இருந்த கைகள் இறுகின.

"அம்மா."

இன்னும் இறுகின.